காணியாட்சி இல்லாதவர்களும் திறந்த சந்தையும்

இலங்கையின் மலைத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான மலையகத் தமிழர், கடன் என்ற சொல்லை 2022-இல்தான் கேட்டவர்கள் அல்லர். கோப்பிக் காலத்தில் இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் புறப்பட்ட குடும்பம், ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முற்பணத்தோடுதான் புறப்பட்டது. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அந்தக் கணக்கிலேயே ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய துரையிடமிருந்து, அதாவது தோட்ட நிர்வாகியிடமிருந்து, ‘துண்டு’ வாங்க வேண்டும். ஆளின் பெயரில் எவ்வளவு கடன் நிற்கிறது என்பதை அந்தக் காகிதம் சொல்லும். அந்தத் தொகையைப் புதிய துரை கட்டினால்தான் ஆள் கைமாறலாம். துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை இம்மலைகளில் உழைப்புக்கு ஒரு சந்தை இருந்தது, விலை இருந்தது, வாங்குவோர் இருந்தனர். விற்பவனுக்கு மட்டும் தன் விலையைச் சொல்லும் வாய் இருக்கவில்லை.

இன்று நாடு முழுவதும் கடனைப் பற்றியும் சந்தையைப் பற்றியும் பேசுகிறது. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. 2023 மார்ச் 20 அன்று சர்வதேச நாணய நிதியம் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 300 கோடி டொலர் வழங்க ஒப்புதல் அளித்தது. அந்தப் பணத்தோடு வந்த நிபந்தனைகளையே நாம் பொருளாதாரச் சீர்திருத்தம் என்கிறோம். அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தொடங்கிய வேலைத்திட்டத்தை, 2024 செப்டெம்பரில் தெரிவான ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் அரசாங்கமும் அடிப்படையில் மாற்றாமல் தொடர்கிறது. ஆகவே இது ஒரு கட்சியின் கொள்கையைப் பற்றிய கேள்வியாக இல்லாமல், நாடு நடக்கத் தீர்மானித்த பாதையைப் பற்றிய கேள்வியாகிவிட்டது. அந்தப் பாதையைத் தோட்டத்தில் நின்று, வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் என்ன தெரிகிறது என்பதை விளக்க முயல்கிறேன்.

முதலில் சீர்திருத்தம் என்னவென்று சொல்லிவிட வேண்டும். டொலருக்கு 200 ரூபா என்று பிடித்துவைக்கப்பட்டிருந்த நாணயமாற்று வீதம் 2022 மார்ச்சில் விடுவிக்கப்பட்டு, சில வாரங்களில் 360 வரை போனது. 2019 இறுதியில் 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டிருந்த பெறுமதி சேர் வரி, 12, 15 என்று ஏறி, 2024 ஜனவரியில் 18 வீதமானது. எரிபொருளும் மின்சாரமும் அடக்க விலைக்கே விற்கப்பட வேண்டும் என்றானது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்து, பின்னரே படிப்படியாக இறங்கியது. அரசாங்கத்துக்காக மத்திய வங்கி பணம் அச்சிடுவதற்கு 2023-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. சமுர்த்தி என்ற பழைய வறுமை நிவாரணத் திட்டத்தின் இடத்துக்கு அஸ்வெசும என்ற புதிய உதவித்தொகைத் திட்டம் வந்தது.

இவற்றையெல்லாம் ஏழைகளுக்கு எதிரான சதி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது நேர்மையான வாசிப்பு அல்ல என்று நினைக்கிறேன். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. உணவுப் பொருட்களுக்கு அது 95 வீதத்தை நெருங்கியது. காணியோ டொலரோ தங்கமோ வைத்திருந்தவனுக்கு அவை ஓரளவு அரணாயின. மாதக் கூலியை நம்பி, கடைக் கொப்பியில் எழுதி, மாவும் பருப்பும் வாங்கியவளுக்கு எந்த அரணும் இருக்கவில்லை. வரியைக் குறைத்துவிட்டுச் செலவைக் குறைக்காமல், இடைவெளியை அச்சிட்ட பணத்தால் நிரப்பியது அந்த நெருப்புக்கு ஊற்றிய எண்ணெய். எருசலேமின் சீர்கேட்டைச் சொல்ல வந்த ஏசாயா, கொலைபாதகரையும் கைக்கூலி வாங்கும் பிரபுக்களையும் பற்றிப் பேசும் அதே மூச்சில், “உன் வெள்ளி களிம்பாயிற்று” என்கிறார். நாணயத்தின் பெறுமதியை ஆள்பவர்கள் கெடுப்பது பொருளியல் தவறு மட்டுமன்றி, ஏழையின் மடியிலிருந்து எடுக்கும் காரியம் என்பதை வேதாகமம் அறிந்திருக்கிறது. அதனால் 2023-இன் நடுப்பகுதிக்குப் பிறகு பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதையும், 2024-இல் பொருளாதாரம் ஏறத்தாழ 5 வீதம் வளர்ந்ததையும் நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 2021-இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தது போன்ற ஆணைகள் தேயிலைச் செடியை என்ன செய்தன என்பதைக் கண்டவர்கள், அரசின் கை எப்போதும் இரக்கமுள்ள கை என்று சொல்லமாட்டார்கள். 2021-இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, மறு ஆண்டே 25 கோடிக்கு இறங்கியது.

ஆனால் வீக்கம் இறங்கிவிட்டது என்றால் விலை இறங்கிவிட்டது என்று பொருளல்ல. ஏறிய இடத்திலேயே விலை நின்றுவிட்டது என்றுதான் பொருள். அந்த ஆண்டுகளில் கூலி எங்கே நின்றது?

2021 மார்ச்சில், பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், சம்பள நிர்ணய சபையின் ஊடாகத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. அன்றைய நாணயமாற்று வீதத்தில் அது ஐந்து டொலர். 2024 மே தினத்தன்று 1,700 ரூபா என்ற வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. செப்டெம்பரில் 1,350 ரூபா என்று முடிந்தது. அன்றைய டொலரின் விலை ஏறத்தாழ 300 ரூபா. கணக்குப் போட்டுப் பார்த்தால் நான்கரை டொலர். அந்த மூன்றரை ஆண்டில் 350 ரூபா கூடியும் டொலர் கணக்கில் கூலி குறைந்தது. அந்தக் கைகள் பறித்த கொழுந்தோ ஏற்றுமதிச் சந்தையில் டொலருக்கே விற்கப்படுகிறது. 2024-இல் தேயிலை ஏற்றுமதி 140 கோடி டொலரை நாட்டுக்குக் கொண்டுவந்தது. கம்பனிகளுக்கும் உரம், டீசல், மின்சாரம் எல்லாம் விலையேறின என்பது உண்மைதான். ஆனாலும் ரூபா விழுந்தபோது ஏல விற்பனையில் தேயிலையின் ரூபா விலை ஒரே ஆண்டில் ஏறத்தாழ இருமடங்கானதும் உண்மை. சந்தை விலையின் ஏற்றம் கம்பனியின் கணக்குப் புத்தகம்வரை வந்து, அதற்கு அப்பால், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கவில்லை.

மடுவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சந்தை என்பது தொழிலாளியின் கண்ணுக்குத் தெரியும் இடம் அதுதான். பகல் நிறுவைக்குப் பெண்கள் கூடையோடும் படங்கோடும் வரிசையாக இறங்கி வருகிறார்கள். மழை நாளானால் கொழுந்தில் ஈரம். ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு, முற்றிய இலைக்கு ஒரு கழிவு. ஒரு நாளில் பறிக்க வேண்டிய அளவான நோர்ம் 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சங்கங்களோடு செய்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து கம்பனிகள் 2021-இல் விலகிய பிறகு அந்த அளவைக் கூட்டிய தோட்டங்கள் பல. அந்தப் பெண் காலையிலிருந்து குத்து மலையில் ஏறி இறங்கிப் பறித்தது 18-ஐத் தொடும். கழிவு போக 16 என்று எழுதப்பட்டால் அன்றைக்கு ‘அரைப்பேர்’ ஆகிறது, அல்லது கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்காகிறது. பேர் என்பது தோட்டத்தில் ஒரு நாள் வேலையின் பெயர்: முழுப்பேர், அரைப்பேர் என்பார்கள். ஒரு மனுஷியின் பெயரைப் பாதியாக எழுதலாம் என்று முதன்முதலில் எண்ணியவர் யாரோ தெரியாது. அந்தச் சொல்லை நாம் பழகிப்போன விதம்தான் என்னை வருத்துகிறது.

“கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” என்ற நீதிமொழியை நம் ஆலயங்களில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். பெரும்பாலும் அதைக் கடைக்காரருக்கான அறிவுரையாகவே கேட்டோம். அது சந்தையைப் பற்றிய வேதாகமத்தின் மிகத் தெளிவான சட்டம். பையிலே பெரிதும் சிறிதுமான இரண்டு நிறைகல் வைத்திருக்கக் கூடாது என்று உபாகமம் சொல்கிறது. மரக்காலைக் குறைத்துச் சேக்கலை அதிகமாக்கும் வியாபாரிகளை ஆமோஸ் பெயர் சொல்லாமல் ஆனால் முகம் பார்த்துக் கண்டிக்கிறார். கவனியுங்கள்: வாங்குவதையும் விற்பதையும் இவ்வசனங்கள் தடை செய்யவில்லை. சந்தை இருக்கலாம், அதில் நிறைகல் ஒன்றாக இருக்க வேண்டும். வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது இன்னொரு கல் என்றால் அது சந்தையே அல்ல. டொலரில் விற்று ரூபாவில் கூலி கொடுப்பதும், மின்சாரத்துக்கு உலக விலை கேட்டுவிட்டு உழைப்புக்கு உள்ளூர் விலையே போதும் என்பதும் இரண்டு நிறைகற்கள். விலைகளெல்லாம் உண்மையான பெறுமதியைச் சொல்ல வேண்டும் என்று சீர்திருத்தம் கேட்கிறது. நல்லது. கூலியும் ஒரு விலைதானே.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்டத்து உவமையைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள். விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டு, நாளுக்கு ஒரு பணம் கூலிப் பேச்சு, மாலையில் காரியக்காரன் கூப்பிட்டுக் கணக்குத் தீர்ப்பது, எல்லாமே நமக்குத் தெரிந்த காட்சி. தெரியாதது ஒன்றுதான்: பதினோராம் மணி வேளையில் வந்தவனுக்கும் அந்த முதலாளி முழுப்பேர் போட்டார். அந்த ஒரு பணம் ஒரு குடும்பம் அன்றைக்குச் சாப்பிடப் போதுமான தொகை. அவன் சோம்பலால் நின்றவன் அல்லன், ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை என்கிறான். இந்த உவமையைச் சம்பளக் கொள்கையாக அப்படியே சட்டமாக்க முடியாது என்பதை ஏற்கிறேன். பரலோக ராஜ்யத்தைப் பற்றித்தான் இயேசு பேசினார். ஆனால் அதைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்த அளவுகோல், உற்பத்தியான கிலோவின் அளவு அல்ல. உயிர் வாழத் தேவையானதன் அளவு. நாளாந்தச் சம்பளத்தை ஒழித்து உற்பத்திக்கேற்ற கொடுப்பனவுக்கு மாறுவதே சீர்திருத்தம் என்று வாதிடுபவர்களிடம், மழை பெய்யும் மாதத்திலும் கொழுந்து காயும் மாதத்திலும் அந்த வீட்டில் உலை எப்படி எரியும் என்று கேட்க நமக்கு உரிமை கொடுப்பது அந்த அளவுகோல்.

கடனைப் பற்றிய பகுதிக்கு வருகிறேன். இங்கே நெகேமியாவின் 5-ஆம் அதிகாரத்தைப் போல நம் நிலைமைக்கு நெருங்கிய பகுதி வேறில்லை. எருசலேமின் மதிலான அலங்கம் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது; நாடு மீண்டெழுகிறது; அப்போது சனங்களிடமிருந்து கூக்குரல் எழும்புகிறது. பஞ்சத்தில் தானியம் வாங்க வயலை அடகு வைத்தோம் என்கிறார்கள் சிலர். ராஜாவின் தீர்வையைக் கட்ட வட்டிக்கு வாங்கினோம் என்கிறார்கள் சிலர். எங்கள் பிள்ளைகள் அடிமைப்படுகிறார்கள், மீட்க எங்களுக்குச் சக்தியில்லை என்கிறார்கள். நெகேமியா சுயாதீன அரசன் அல்லன்; பாரசீகப் பேரரசின் கீழ் நியமனம் பெற்ற அதிபதி. ராஜாவுக்குத் தீர்வை கட்டமாட்டோம் என்று அவன் அறிவிக்கவில்லை, அது அவன் கையிலும் இல்லை. அவன் கையில் இருந்தது, அந்தச் சுமையை உள்ளூரில் யார் தோளில் வைப்பது என்ற தீர்மானம். பிரபுக்களையும் அதிகாரிகளையும் சபையாக நிறுத்தி, வட்டியை விட்டுவிடச் சொன்னான், வயலையும் வீட்டையும் திருப்பிக் கொடுக்கச் செய்தான். தனக்கு உரிய அதிபதியின் படியைப் பன்னிரண்டு வருஷம் வாங்கவில்லை.

நாணய நிதியத்தின் நிபந்தனைக்குள் நிற்கும் எந்த அரசும் நெகேமியாவின் இடத்தில்தான் நிற்கிறது. நிபந்தனை வெளியிலிருந்து வரலாம்; பங்கீடு இங்கே நடக்கிறது. 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தபோது அந்தப் பங்கீடு எப்படி அமைந்தது? ஏற்கெனவே போதிய சுமையைச் சுமந்துவிட்டன என்று காரணம் காட்டி வங்கிகளின் கைவசமிருந்த, அரச கடன்பத்திரங்களான திறைசேரி முறிகள் ஒதுக்கிவைக்கப்பட்டன. ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதியங்களின் முறிகள் மாற்றப்பட்டன; புதிய முறிகளுக்கு 2025 வரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் வட்டி. சம்மதிக்காத நிதியத்துக்கு வருமான வரி 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீதம். முந்திய ஆண்டில் திறைசேரிப் பத்திரங்கள் 30 வீத வட்டிக்கு விற்கப்பட்டன என்பதை நினைத்தால், இது எத்தகைய தெரிவு என்று விளங்கும்.

சேமலாப நிதி என்பது தோட்டத்தில் ஏதோ தொலைதூர நிதியம் அல்ல. சம்பளப் பற்றுச்சீட்டில் அதற்கென்று ஒரு வரி இருக்கிறது: தொழிலாளியின் 8 வீதம், கம்பனியின் 12 வீதம். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஒரு அம்மா தன் சீட்டை விரித்து என்னிடம் வாசிக்கச் சொன்னார். ஈபீஎப் எனப்படும் சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் காசு, மரண உதவிச் சங்கம், தேயிலைத் தூள், முற்பணம், என்று கழிவுகள் இறங்கிக்கொண்டே போயின. மற்ற எல்லாக் கழிவையும் பற்றி அவர் கேள்வி கேட்டார். ஈபீஎப் வரியில் மட்டும் விரலை வைத்து, “இது போனா போவுதுங்க ஐயா, இதுதான் மகளுக்கு” என்றார். ஓய்வுபெறும் வயதுவரை வாய் கட்டி வயிறு கட்டிச் சேர்த்த அந்தத் தொகைதான் பல வீடுகளில் ஒரு கலியாணம், ஒரு அறை கூட்டிக் கட்டுதல், அல்லது வெளிநாட்டுப் பயணத்துக்கான முகவர் பணம். பணவீக்கம் அதன் பாதிப் பெறுமதியை ஏற்கெனவே தின்றிருந்தது. எஞ்சியதிலும் வட்டியைக் குறைத்து நாட்டின் கடனைத் தீர்க்கலாம் என்று நாடாளுமன்றம் முடிவெடுத்தபோது, நம் திருச்சபைகள் ஒரு மன்றாட்டு வாரத்தையாவது அதற்கென ஒதுக்கியிருக்க வேண்டும். 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதலுக்கு நீதி கேட்டு உரத்துப் பேசத் தெரிந்த நமக்கு இது நம்முடைய விஷயமாகத் தோன்றாமற் போனது ஏன் என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

கத்தோலிக்க சமூகப் போதனை இதில் மழுப்பிப் பேசவில்லை. தொழிலாளர் நிலைமை குறித்து 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் எழுதிய சுற்றுமடலின் நூற்றாண்டில், 1991-இல், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சோவியத் முறையின் வீழ்ச்சியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எழுதினார். சுதந்திரச் சந்தை வளங்களைப் பயன்படுத்துவதற்கும் தேவைகளை நிறைவேற்றுவதற்கும் பயனுள்ள கருவி என்று ஏற்றார். சந்தையில் இடமே இல்லாத மானிடத் தேவைகள் பல உண்டு என்றும் அடுத்த மூச்சில் சொன்னார். கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நெறி நியாயமானதே, ஆனால் தாங்கொணாத தியாகங்களை விலையாகக் கேட்டு அதை வசூலிக்கலாகாது என்றும் எழுதினார். கம்யூனிசத்தை அவரைப் போல நெருங்கி அறிந்து எதிர்த்தவர்கள் குறைவு என்பதால், இந்தக் கடைசி வாக்கியத்தை இடதுசாரிப் பேச்சென்று ஒதுக்க முடியாது.

நம் மலையிலும் இப்படிச் சிந்தித்தவர்கள் இருந்தனர். இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972-இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் குடியுரிமையையும் கூலியையும் ஆன்மீகக் கேள்விகளாகவே நடத்தினார். அதே ஆண்டில் பதுளையின் முதல் ஆயரான லியோ நாணாயக்கார, ஆயரின் மேலங்கியைவிட மக்களின் பாதையையே தன் ஊழியமாகக் கொண்டார். இவர்களை நாம் பெருமையோடு நினைக்கலாம். ஆனால் 1854-இல் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோட்டத் துரைமாரின் ஆதரவோடும் பணத்தோடும் நடந்தது என்பதையும், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கீழ்ப்படிதல் அதிகமாகவும் கூலி குறைவாகவும் பேசப்பட்டது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். தோட்ட மக்களில் பெரும்பான்மையினர் முருகனையும் மாரியம்மனையும் வணங்குபவர்கள். சிறுபான்மையான நாம் அவர்களுக்கு எதைச் சொல்ல வேண்டுமானாலும் இந்தக் கணக்கை முதலில் தீர்த்துவிட்டே சொல்ல வேண்டும்.

இனி, எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் சொல்லுக்கு வருகிறேன். லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தின் யூபிலி சட்டத்தில், ஐம்பதாம் வருஷத்தில் ஒவ்வொருவனும் தன்தன் ‘காணியாட்சிக்கு’த் திரும்பிப்போக வேண்டும் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. காணியாட்சி என்றால் வழிவழியாக ஒருவனுக்கு உரிய நிலம். காணி என்ற சொல்லை அன்றாடம் பேசும் இலங்கைத் தமிழனுக்கு அந்தச் சொல் காதில் விழும் விதமே வேறு. அந்த அதிகாரம் விற்பனையைத் தடுக்கவில்லை. ஐம்பதுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறதோ அதற்கேற்ப விலையை ஏற்றவும் குறைக்கவும் சொல்கிறது. அது ஒரு சந்தைக் கணக்குத்தான். ஆனால் சந்தைக்கு முன்னே ஒரு தரையை அது வைக்கிறது: எந்தக் குடும்பமும் நிரந்தரமாக நிலமற்றுப் போகக் கூடாது. கையில் எதுவும் இல்லாமல் சந்தைக்கு வருபவன் உழைப்பை மட்டுமே விற்க முடியும், அதையும் வாங்குபவன் சொல்லும் விலைக்கே விற்க முடியும். நிலத்தின் சொந்தக்காரராகிய கர்த்தர், நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள் என்று எல்லாரையும் ஒரே நிலையில் நிறுத்தியே இந்தச் சட்டத்தைக் கொடுக்கிறார்.

மலையகத்தில் இந்தத் தரை ஒருபோதும் போடப்படவில்லை. 1948-இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியதால், அரசு காணி பகிர்ந்த திட்டங்களில் பெயர் கொடுக்கவே வழியில்லை. 1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அவற்றில் ஒரு பகுதி நிலம் கிராமத்தவருக்குப் பகிரப்பட்டது, அதில் தலைமுறையாக உழைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. சில இடங்களில், தாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தையும் இழந்து நடுத்தெருவுக்கு வந்தார்கள். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கரைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்தபோது, 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் திறந்த பொருளாதாரம் வந்தது. 1992-இல் தோட்டங்களின் நிர்வாகம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, லயம் யாருக்கு என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. சோசலிசம் பேசிய அரசும் தரவில்லை, சந்தை பேசிய அரசும் தரவில்லை. ஆகவே அரசா சந்தையா என்று கேட்டு ஒரு பக்கம் நிற்கச் சொல்பவர்களோடு மலையகக் கிறிஸ்தவன் விவாதத்தைத் தொடங்க முடியாது. அவன் இருவரிடமும் கேட்க வேண்டியது காணி என்ற ஒன்றையேதான்.

விந்தை என்னவென்றால், சந்தைச் சீர்திருத்தத்தின் சொந்த நியாயமும் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. சொத்துரிமை தெளிவாக இருந்தால் உழைப்பும் முதலீடும் பெருகும் என்பது அதன் அரிச்சுவடி. இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தருபவர்கள் காலி, மாத்தறை, இரத்தினபுரி பக்கத்துச் சிறுதோட்டக்காரர்கள். காணியின் உரிமைப் பத்திரமான உறுதி அவர்கள் கையில் இருக்கிறது, வங்கி அந்த உறுதிக்குக் கடன் கொடுக்கிறது, கொழுந்தின் விலை ஏறினால் ஏற்றம் அவர்கள் வீட்டுக்கு வருகிறது. சில கம்பனிகள் இப்போது தோட்டத் தொழிலாளிக்கும் சில நூறு செடிகளைப் பிரித்துக் கொடுத்து, பராமரித்துப் பறித்துத் தந்தால் கிலோவுக்கு இவ்வளவு என்கின்றன. சிலருக்கு அது வருமானத்தைக் கூட்டியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உறுதி இல்லை, சேமலாப நிதி இல்லை, செடி காய்ந்தால் நட்டம் மட்டும் குடும்பத்துக்கு. தொழில்முனைவோனின் ஆபத்தைக் கொடுத்துவிட்டு, அவனுடைய உரிமையைக் கொடுக்காமல் விடும் இந்த ஏற்பாட்டைச் சுதந்திரச் சந்தை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. 2015-க்குப் பின் ஏழு பேர்ச் என்ற சிறு அளவுக் காணியோடு வீடு என்ற திட்டம் தொடங்கியது. 2018-இல் புதிய கிராமங்களுக்கான அதிகார சபையும் சட்டத்தால் அமைந்தது. இந்திய உதவியிலும் வீடுகள் எழுந்தன. லயங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இவை தொடக்கம் மட்டுமே.

அஸ்வெசும இந்த இடைவெளியை நிரப்பும் என்று நம்பினார்கள். 22 குறிகாட்டிகளால் ஏழையைக் கண்டுபிடிக்கும் அந்த முறை, வீட்டையும் சொத்தையும் தேடி வந்தபோது, தனக்கென்று முகவரியே இல்லாத லயக் காம்பிராவை (லயத்து அறையை) எப்படி அளப்பதென்று தடுமாறியது. நெருக்கடிக்கு முன்னரே, 2019-இன் அரச கணக்கெடுப்பில், தோட்டத்துறையில் மூன்றில் ஒருவர் வறுமைக்கோட்டின்கீழ் இருந்தார்; தேசிய அளவு 14 வீதம். உதவித்தொகை தேவைதான். காணியாட்சியின் இடத்தை அது நிரப்பாது.

2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழை நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது. பதுளையும் கண்டியும் நுவரெலியாவும் மண்சரிவில் அதிகம் இழந்தன. அபாய வலயத்தை விட்டு வெளியேறுங்கள் என்ற அறிவித்தல் சரியான அறிவித்தலே. எங்கே போவது என்று கேட்டால், சொந்தக் காணி உள்ளவனுக்கு ஒரு பதில் இருக்கிறது. கம்பனியின் குத்தகை நிலத்தில் லயக் காம்பிராவில் இருப்பவளுக்கு, அனுமதி கேட்க வேண்டியவர்களின் பட்டியல்தான் இருக்கிறது. மீள்கட்டுமானத்துக்குக் கடனும் நன்கொடையும் வரும் இந்தக் காலமே, பாதுகாப்பான மேட்டில் உறுதியோடு காணி என்பதைச் சீர்திருத்தத்தின் ஓரத்தில் அல்லாமல் நடுவில் வைக்கக் கேட்க வேண்டிய காலம். 2023-இல், மலையக மக்களின் வருகையின் இருநூறாம் ஆண்டில், தேசிய கிறிஸ்தவ மன்றமும் சிவில் அமைப்புகளும் சேர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்று நடத்திய நடைபவனி ஓகஸ்ட் 12 அன்று நிறைவடைந்தது. முன்னோர் காட்டுவழியாக நடந்து மாண்ட பாதையிலேயே திருச்சபை இறங்கி நடந்தது எனக்குப் பெரிய ஆறுதல். அந்த நடையின் கோரிக்கைகளில் காணியும் இருந்தது.

எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகைக்குப் பலிபீடத்துப் படிகளில் காணிக்கைகள் வைப்பார்கள். கடந்த முறை நான் சற்று நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லீக்ஸ், கரட், ஒரு பெரிய பூசணி, ஈரம் காயாத கோவா, ஒரு கோழி. அவற்றைக் கொண்டுவந்தவர்கள் அநேகமாக ஏழு பேர்ச் வீட்டுக்காரர்களும், லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களும். மற்றவர்கள் கடையில் வாங்கிய சீனிப் பொதிகளையும், தோட்டத்தில் கொடுத்த தேயிலைத் தூளையும் வைத்திருந்தார்கள். ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியபோது பூசணிக்குத்தான் போட்டி அதிகம். தேயிலைத் தூளை யாரும் கேட்கவில்லை. கடைசியில் அதைக் கொண்டுவந்த அம்மாவே தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதை ஏலத்தில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.